மோர்மிளகாய் காய்ந்த சுவர்

உலகம்மை வீட்டு வாசலை நான் கடைசியாக மிதித்தது எப்போது? அவள்தான் வருவாள். பின்சந்து வழியாகச் சுற்றி வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்று "மைனி" என்று ஒரு குரல் கொடுப்பாள். கொண்டுவந்ததைக் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே வா என்று நான் சொல்வதற்குள் போய்விடுவாள். நான் உள்ளே வா என்று சொல்லியிருக்கிறேனா? அவள் வீட்டுக்கு நான் போனதே இல்லையோ? ஒருமுறை போயிருக்கிறேன். நாங்கள் இந்த வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கு. தட்டோடு.

"மேடம், உங்களைத்தான். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் வீடு?"

அளவெடுக்க வந்த பெண் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் தமயந்தி நிமிர்ந்தாள்.

"உலகம்மைன்னு பேரு. நமக்கு வேண்டியவதான்."

"அப்போ கவலையே இல்ல" என்றாள் அந்தப் பெண். மெர்லின் என்று பெயர் சொல்லியிருந்தாள். குளிர்சாதனக் கம்பெனியிலிருந்து மதிப்புப் போட வந்தவள். கையிலிருந்த சிறு கருவியைச் சுவரில் ஒட்டி எடுத்தாள்; அது பூனைக்குட்டி போல ஒரு சத்தம் போட்டது.

பழைய மெஷின் நின்றுபோய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாளையங்கோட்டையில் சித்திரை வெயில் ஐம்பதைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற காலம் இது. வீடு அடுப்பில் வைத்த சட்டி மாதிரி இருந்தது. தமயந்தியின் கணவர் குற்றாலிங்கம் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மெர்லின் நீட்டிய பலகையில் தெரிந்த தொகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மெஷின மாத்துததுக்கா இம்புட்டு? எம்மா, நீ புது வீட்டுக்குச் சேத்து வெல போட்டுட்டியோ?"

மெர்லின் சிரித்தாள். "மெஷின் விலை இதுல பாதி கூட இல்ல சார். உங்க மொட்டைமாடி நாள் பூரா வெயில் வாங்குது, அதனால சின்ன மெஷின் தாங்காது. சீலிங்குக்குள்ள போற குழாயெல்லாம் பழசு. அங்கங்க குளிர் கசியுது. அதை மாத்தணும்னா சீலிங்கைப் பிரிக்கணும். ஐப்பசி அடைமழையில பச்சப்பிள்ளைக்குக் கதகதப்பும் வேணும்னு மேடம் சொல்றாங்க, அதுக்குத் தனியா ஒரு பெட்டி. எத்தனை ஜன்னல், எத்தனை பேர், எந்த மாசத்துல வேலையை ஆரம்பிக்கிறோம், எல்லாமே விலைதான். ஆனா இதெல்லாம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். தலைகீழா மாத்துறது ஒண்ணே ஒண்ணுதான்."

"என்னது?"

"சூட்டை எங்க கொட்டுறதுங்கிறது."

அது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஒரு காலத்தில் எல்லா வீட்டு மெஷினும் தன் சூட்டைத் தெருவில்தான் துப்பியது. உள்ளே இருந்தவர்கள் போர்த்திக்கொண்டு தூங்க, தெருவில் நடந்தவர்கள் சுருண்டு விழுந்த ஒரு கோடை வந்தது. அதன் பிறகுதான் சட்டம். வீட்டுச் சூட்டைத் தெருவில் விடக் கூடாது. பூமிக்குள் ஆழமாகக் குழி தோண்டி இறக்க வேண்டும். முடியாதவர்கள் ஏற்புச்சுவர் கட்ட வேண்டும். நம் வீட்டிலிருந்து உறிஞ்சும் சூட்டை, உப்பு அடைத்த அந்தச் சுவர் வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மறுபக்கம் விடும். மறுபக்கத்து வீட்டார் தங்கள் வாயால் சம்மதம் சொன்னால் போதும். அண்டை அயலுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று சட்டம் கையைக் கழுவிக்கொண்டது.

"குழி தோண்டுனா என்ன?" என்றார் குற்றாலிங்கம்.

"கீழ முழுக்கப் பாறை சார். துளை போடுற வண்டி உங்க சந்துக்குள்ள திரும்பாது. முன்வீட்டை இடிச்சுக் குடுத்தாங்கன்னா வரலாம்."

"முன்வீட்டுக்காரன் என் மேல ஏற்கெனவே கோவமா இருக்கான். இடிக்கதுக்கு அவனே கடப்பாரையோட வருவான், ஆனா என் வீட்டை."

மெர்லின் மறுபடியும் சிரித்தாள். தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மனசு ஓசூரில் இருந்தது. மகள் ஆதிரைக்கு ஏழாம் மாதம். வருகிற வாரம் வளைகாப்பு. அது முடிந்ததும் கையோடு கூட்டி வர வேண்டும். ஆனால் குளிரறை இருக்கிற வீட்டுக்குத்தான் பிள்ளைத்தாய்ச்சியைக் கோடையில் அனுப்பலாம் என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். முந்தாநாள் சம்பந்தியம்மாள் பேசினாள். குரலில் சர்க்கரைப் பாகு. "உங்களுக்கு எதுக்குச் சிரமம்? இங்க மூணு ரூம்லயும் குளிர் இருக்கு. ஆதிரை இங்கயே இருக்கட்டுமே. ஊருக்கு நாம சொல்லிக்கலாம்." ஊருக்கு நாம சொல்லிக்கலாம். அந்தக் கடைசி வார்த்தைகளைத் தமயந்தி இரண்டு நாளாக மென்றுகொண்டிருந்தாள்.

"இப்போ இருக்கிற பழைய ஏற்புச்சுவரையே வச்சுக்கிட்டா அஞ்சுல ஒரு பங்குல முடிச்சிரலாம்" என்றாள் மெர்லின். "வளைகாப்புக்கு முன்னாடியே மாட்டிக் குடுத்துருவேன். ஆனா மெஷின் மாத்துனா சம்மதமும் புதுசா வாங்கணும். நீங்க உங்க வாயால கேக்கணும், அவங்க அவங்க வாயால சொல்லணும். நான் கேக்கக் கூடாது. இது கேட்டுப் பதிஞ்சுக்கிட்டு இருக்கும்." தன் சட்டைக் காலரில் குத்தியிருந்த பொத்தான் அளவு வில்லையைத் தொட்டுக் காட்டினாள்.

"அவ என்ன மாட்டேன்னா சொல்லப்போறா?" குற்றாலிங்கம் துண்டைப் பிழிந்தார். "ஏட்டி தமயந்தி, வளைகாப்புக்குச் செஞ்ச முந்திரிக்கொத்துல ஒரு பத்து எடுத்துத் தட்டுல வச்சுக் கொண்டு போ. தட்டக் கையில வாங்கிட்டு எவளாவது மாட்டேம்பாளா?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் தமயந்திக்குப் பழையது நினைவுக்கு வந்தது. பால் காய்ச்சிய அன்றைக்கும் இதே முந்திரிக்கொத்துதான். பச்சைப்பயற்று மாவும் கருப்பட்டியும் மணக்க மணக்க, வெற்றிலை, பாக்கு, ரவிக்கைத்துணியோடு உலகம்மையின் இரண்டு கைகளிலும் தட்டை வைத்த பிறகுதான் தமயந்தி சம்மதம் கேட்டாள். முதலில் கேட்டுவிட்டுப் பிறகு கொடுத்திருக்கலாம். அன்றைக்கு அது தோன்றவில்லை. தோன்றவில்லையா, அல்லது தோன்ற வேண்டாம் என்று இருந்ததா? இரண்டு கையிலும் மங்கலப் பொருளை ஏந்திக்கொண்டு நிற்கிற பெண், புதுவீட்டுக்காரியிடம் மாட்டேன் என்ற சொல்லை எப்படிச் சொல்வாள்? "சரி மைனி" என்றாள் உலகம்மை. அன்றைக்குக் கூட வந்த கம்பெனி ஆள், சூட்டை வாங்கிக்கொள்கிற வீட்டுக்கு ஒரு குழாய் குளிர்காற்று இலவசமாக விட வேண்டும், அது அவர்கள் உரிமை என்று சொன்னான். "அதெல்லாம் எதுக்கு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு" என்று உலகம்மை கூச்சப்பட்டாள். தமயந்தி அதைப் பெருந்தன்மை என்று எண்ணி வீட்டுக்கு வந்து மெச்சிப் பேசினாள். ஒரு குழாய் மிச்சம் என்று உள்ளூர சந்தோஷமும் பட்டாள்.

"அந்த ஒரு குழாய் குளிரு குடுப்பியளே, இப்பவும் உண்டா?" என்று மெர்லினிடம் கேட்டாள்.

"அதை எடுத்துட்டாங்க மேடம். வருஷக்கணக்கா ஒருத்தர் கூடக் கேட்டு வாங்கலையாம். வேண்டாததை எதுக்குச் சட்டத்துல வச்சிருக்கணும்னு விட்டுட்டாங்க."

வெயில் தாழ்ந்த பிறகு தமயந்தியும் மெர்லினும் கிளம்பினார்கள். தமயந்தி தட்டைப் பூத்துணியால் மூடியிருந்தாள். பின்சந்தின் தார் இன்னும் செருப்பில் ஒட்டியது. இவ்வளவு தூரமா என்று நினைத்தாள். ஒரே சுவர், சுற்றிக்கொண்டு போனால் ஒரு தெரு.

"யாரு? மைனியா!" உலகம்மை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. ஆனால் முகம் என்னவோ மலர்ந்திருந்தது. "வாங்க, வாங்க. சொல்லிவிட்டா நான் வந்திருக்க மாட்டேனா? இந்த வெயில்ல நீங்க வந்துக்கிட்டு! எங்க வீட்டு அவிய கல்யாணச் சமையலுக்கு அம்பாசமுத்திரம் போயிருக்காவ. இது யாரு, ஆதிரைக்க சிநேகிதியா?"

"கம்பெனில இருந்து வந்திருக்காவ" என்றாள் தமயந்தி. உலகம்மையின் பார்வை மெர்லினின் காலர் வில்லையில் ஒருகணம் நின்றது. பிறகு பழையபடி சிரித்தாள்.

"வெளியறை சூடு தாங்காது மைனி. உள்ள வாங்க, பின்னறை இப்போ நல்லாருக்கு."

பின்னறைக்குள் கால் வைத்ததும் தமயந்திக்கு வழி தெரியாமல் போனது போல இருந்தது. அது தன் வீட்டுச் சுவர்தான். மறுபக்கம். புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. அடித்தும் மறையாமல், இடுப்பு உயரத்துக்கு மேல் வரி வரியாகக் கயிறு கட்டிய ஆணித் தடங்கள். காரை வெடித்த இடங்களில் சுண்ணாம்பு குழம்பு மாதிரி திரண்டு நின்றது.

"அது என்ன ஆணி, உலகு?"

"அதுவா? மோர்மிளகா கோத்துத் தொங்க விடுததுக்கு." உலகம்மை வெட்கப்பட்டுச் சிரித்தாள். "வேற எதுக்கும் இந்த ரூம் ஆகாதுல்லா. ராத்திரி இங்க படுக்க முடியாது. சரி, சும்மா கெடப்பானேன்னு வத்தலு, வடகம், மோர்மிளகா எல்லாம் இதுலதான் காயப்போட்டேன். மொட்டைமாடியில போட்டா காக்கா விடாது. இதுல ஒரே நாள்ல மொறுமொறுன்னு ஆயிரும்."

வருஷாவருஷம் ஒரு டப்பா மோர்மிளகாய் வரும். தயிர்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு குற்றாலிங்கம் கண்ணை மூடிச் சப்புக்கொட்டுவார். "எப்படிட்டீ உனக்கு மட்டும் இம்புட்டு நல்லாக் காயுது?" என்று தமயந்தியே கேட்டிருக்கிறாள், கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு. வெளியே நின்றிருந்த உலகம்மை, "நல்ல சூடு மைனி" என்று மட்டும் சொன்னாள். அதில் குத்தல் ஏதும் இருந்ததா என்று தமயந்தி இப்போது தேடிப் பார்த்தாள். இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உங்க மெஷின் நின்னதும் ரெண்டு நாளு இந்தச் சுவத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன்" என்றாள் உலகம்மை. "மெல்ல ஆறிட்டு. இப்போ பாருங்க, பச்சத்தண்ணி கணக்கா இருக்கு. நீங்க இனி குழி போடப் போறியன்னு அவிய சொன்னாவ. பெரிய வீட்டுக்காரங்க, அதான செய்வாங்கன்னு நானும் நெனச்சேன். உடனே சுண்ணாம்பு வாங்கிட்டு வரச் சொல்லி அடிச்சுட்டோம்."

அறையின் நடுவில் ஒரு கட்டில். புதுக் கயிற்றுக் கட்டில். கயிறு இன்னும் தொய்யவில்லை. சுவரிலிருந்து ஒரு ஆள் நடக்கிற இடைவெளி விட்டுப் போட்டிருந்தது. மேலே உத்தரத்தில் பளபளவென்று ஒரு கொக்கி, தொட்டில் கட்டுவதற்கு.

"உன் மக செண்பகத்துக்கா?" என்றாள் தமயந்தி.

"ஆமா மைனி. ரெண்டாவது. ஆறு மாசம்." உலகம்மை கொக்கியை அண்ணாந்து பார்த்தாள். "மொதப் பிள்ளைக்குத்தான் கூட்டிட்டு வர முடியல. கூட்டிட்டு வந்தேன், பாத்துக்கிடுங்க. ரெண்டு நாளு இருந்தா. வீட்ல இருக்கது இந்த ஒரு உள்ரூம்தான? வேர்த்து வேர்த்துக் கண்ணு சொருகிட்டு. அவ மாமியா வந்து கூட்டிட்டுப் போயிட்டா. இந்தத் தடவையாவது இங்க வச்சுப் பாக்கணும்னு ஆச."

தமயந்தி தட்டை இறக்கி வைக்க இடம் தேடினாள். இடம் இருந்தது, கை இறங்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன் வள்ளியூரில் ஒரு கல்யாணப் பந்தி. செண்பகத்துக்குப் புருஷன் வீட்டிலேயே பிள்ளை பிறந்த செய்தி ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்த நேரம். பக்கத்து இலைக்காரியிடம் தமயந்தி சொன்னாள்: "மொதப் பிரசவத்துக்கு மகளக் கூட்டிட்டு வராதவ என்ன தாயி? எங்க வீட்ல கடன வாங்கியாவது செய்வோம்." மெதுவாகச் சொல்லவில்லை. காதில் விழட்டும் என்ற ஒரு சின்ன ருசியோடுதான் சொன்னாள். அன்றைக்குச் சமையல் பொறுப்பில் இருந்த தவசிப்பிள்ளை உலகம்மையின் புருஷன்தான். கூடமாட வந்த உலகம்மை பரிமாறிக்கொண்டிருந்தாள். தமயந்தி சொல்லி முடித்தபோது ரச வாளியோடு அவள் இலைக்கு முன்னால் குனிந்திருந்தாள். "போதுமா மைனி, இன்னும் கொஞ்சம் விடவா?" என்று கேட்டாள். விட்டாள். அடுத்த இலைக்குப் போனாள்.

அப்போதும் சொல்லவில்லை. உன் வீட்டுச் சுவர்தான் என் மகளை விரட்டியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பந்தியே திரும்பிப் பார்த்திருக்கும். தமயந்தி எழுந்து கை கழுவப் போகிற அழகை ஊரே பார்த்திருக்கும்.

"நீ எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா, உலகு" என்றாள். அதைச் சொன்ன கணமே, அது எவ்வளவு கேவலமான வார்த்தை என்று தெரிந்தது. குற்றத்தை அவள் தலையிலேயே தூக்கி வைக்கிற வார்த்தை.

"கைநீட்டி வாங்கிட்டேன்லா மைனி. பொறவு எப்படிச் சொல்ல?"

மெர்லின் தொண்டையைச் செருமினாள். அவளுக்கும் அறையில் ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டே, "மேடம், நான் வில்லையைப் போடட்டுமா?" என்று கேட்டாள்.

உலகம்மைக்கு விளங்கிவிட்டது. முகத்தில் இருந்த வெளிச்சம் ஒருகணம் அணைந்தது. அணைந்ததை யாரும் பார்ப்பதற்குள் அவளே ஏற்றிக்கொண்டாள். தமயந்தியின் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள்.

"குழி போடலியா?"

"பாறையாம்" என்றாள் தமயந்தி.

"ஆதிரைக்கு வளைகாப்பு வாரதுல்லா? எத்தன மாசம், ஏழா?" உலகம்மை கையை மறுபடியும் முந்தானையில் துடைத்தாள். "அதுக்கு என்ன மைனி இப்போ. மொதப் பிரசவம். தாய்வீட்டுக்கு வராம எங்க போவா? கேளுங்க, நான் சொல்லிருதேன். நம்ம பிள்ளதான அவளும்."

"செண்பகம்?"

"அவளுக்கு என்ன. அவளுக்கு மாமியா வீட்ல பழக்கந்தான."

இதையும் குத்தலாகச் சொல்லவில்லை. கட்டிலை எந்த மூலைக்கு நகர்த்தலாம் என்று கணக்குப் போடுகிறவள் போல அறையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள், தட்டை வாங்க.

மெர்லின் வில்லையை அழுத்தினாள். அதன் நடுவில் பச்சையாக ஒரு புள்ளி எரிந்தது. "பழைய வாசகமே போதும் மேடம். 'எங்கள் வீட்டுச் சூட்டை உங்கள் பக்கம் விடச் சம்மதமா?' அவ்வளவுதான். கேளுங்க."

நீட்டிய கைகளில் சுண்ணாம்பு தின்ற வெடிப்புகள். ஓசூரில் ஒரு வீட்டில் மூன்று அறையிலும் குளிர் இருக்கிறது. ஊருக்கு நாம சொல்லிக்கலாம். நான் என்ன சொல்வேன்? ஆதிரை என்ன நினைப்பாள்? அடுத்த பந்தியில் யாராவது என் காதுபட, மெதுவாக இல்லாமல், சொல்வார்கள். மொதப் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வராதவ என்ன தாயி. சொல்லட்டும் என்று நினைக்கிற துணிச்சல் தனக்கு வரவில்லை என்பதைத் தமயந்தி பார்த்தாள். இப்போதே அந்தப் பந்தியில் உட்கார்ந்திருப்பது போலக் காது சுட்டது.

"கேளுங்க மைனி" என்றாள் உலகம்மையும்.

தமயந்தி தட்டை அந்தக் கைகளில் வைக்கவில்லை. குனிந்து தரையில் வைத்தாள். நிமிரும்போது முட்டி சடக்கென்றது. நடந்துபோய்ச் சுவரில் உள்ளங்கையைப் பதித்தாள். சில்லென்று இருந்தது. வாழ்நாளில் ஒருமுறைகூட இந்தப் பக்கத்திலிருந்து அதைத் தொட்டதில்லை.

"மேடம்?" என்றாள் மெர்லின். பச்சைப் புள்ளி மினுங்க ஆரம்பித்திருந்தது. "கொஞ்ச நேரந்தான் நிக்கும். கேக்கலன்னா அதுவே அணைஞ்சிரும். இன்னொரு தடவை போட விடாது."

தமயந்தி கட்டிலின் தலைமாட்டுக்குப் போய் நின்றாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியைப் பார்த்தாள். சுவர் ஆறிய பிறகும், பழக்கத்தில் உலகம்மை தள்ளிப் போட்டிருந்த தூரம். குனிந்து சட்டத்தைப் பிடித்துச் சுவரை நோக்கித் தள்ளினாள். ஒரு பக்கம் மட்டும் நகர்ந்து கட்டில் கோணலாக நின்றது.

மெர்லினின் காலரில் பச்சை அணைந்தது.

"மைனி" என்றாள் உலகம்மை. நீட்டிய கைகள் இன்னும் அப்படியே இருந்தன.

"அந்தக் கால்மாட்டக் கொஞ்சம் பிடி உலகு" என்றாள் தமயந்தி. "எனக்கு ஒத்தையில நகட்ட முடியல."